இங்கத்தைக் கல்லா, வந்த கல்லா? யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் விசித்திரமான கற்களை இனங்காணும் வழி

கிணறு வெட்டும்போதும், அத்திவாரம் தோண்டும்போதும், தோட்டம் கொத்தும்போதும் யாழ்ப்பாணத்தில் விசித்திரமான கல் ஒன்று அகப்படுவது அபூர்வமில்லை. உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி "டைனோசர் எலும்பு" என்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பும். மற்றக் கட்சி "உது சுண்ணாம்புக்கல்லு, எறியுங்கோ" என்று சொல்லும். இரண்டாவது கட்சிதான் பெரும்பாலும் சரி. ஆனால் எறியச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

குடாநாட்டின் அடியிலும் தீவுகளின் அடியிலும் கிடப்பது கிட்டத்தட்ட ஒரே வகைப் பாறை. மயோசீன் காலத்தில், அதாவது இன்றைக்கு 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி சுமார் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தில், ஆழமில்லாத வெப்பக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அது. புத்தளம் பக்கத்திலிருந்து வடமேற்குக் கரையோரமாக மன்னார் வழியே வந்து இங்கே முழு நிலத்துக்கும் அடித்தளமாகிறது. இலங்கையின் மற்றப் பகுதிகளில் பத்தில் ஒன்பது பங்கு நிலம் அதைவிடப் பல மடங்கு பழைய, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. அங்கே உயிர்ச்சுவடு, அதாவது கல்லில் பதிந்த பழைய உயிரின் அடையாளம், தேடுவது பெரும்பாலும் வீண். இங்கோ வீட்டு மதிலிலேயே இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவருக்கு இது பெரிய வசதி. இயற்கையான கல் என்றால் அது சுண்ணாம்புக்கல்லாகத்தான் இருக்க வேண்டும். வேறு எதுவாயிருந்தாலும் யாரோ கொண்டுவந்தது, அல்லது கடல் கொண்டுவந்தது. ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது ஒன்றே: இது இங்கத்தைக் கல்லா, வந்த கல்லா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

தொடுவதற்கு முன்

மற்ற ஊர்களில் எழுதப்படும் கல் சேகரிப்பு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. இங்கே இதுதான் முதலில் வர வேண்டும். மண்ணுக்குள் துருப்பிடித்த உருளை, கூம்பு, வால் தகடு கொண்ட ஏதாவது, அல்லது பச்சை நிறப் பிளாஸ்ரிக் மூடி தெரிந்தால் கையை எடுங்கள். சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டாம், மண்ணைத் துடைக்கவும் வேண்டாம். வந்த வழியே திரும்பிப் போய் 119க்கு அழையுங்கள், அல்லது விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) சொல்லுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் நிலத்துக்குள் எந்தக் கல்லுக்காகவும் கால் வைக்கக்கூடாது. பலகை இல்லாத நிலம் எல்லாம் பாதுகாப்பானது என்றும் எடுக்க வேண்டாம். வலிகாமம் வடக்கிலும் முகமாலைப் பக்கமும் அந்த ஊர்க்காரரைக் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

மனித எலும்பு என்று சந்தேகம் வந்தால் அதுவும் அப்படியே. செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 பெப்ரவரியில் கட்டட வேலைக்கு மண் தோண்டியபோதுதான் எலும்புகள் வெளிப்பட்டன. பிறகு நீதிமன்ற உத்தரவின்படி அகழ்வு நடந்தது. ஓர் எலும்பை எடுத்து வேறிடத்தில் வைப்பதுகூட ஒரு சாட்சியத்தைக் குலைத்துவிடும். வேலையை நிறுத்துங்கள், மூடவும் வேண்டாம், பொலிஸுக்கு அறிவியுங்கள். யாரோ ஒருவரின் பிள்ளையாக இருக்கலாம்.

மூன்றாவது, கறுப்பும் சிவப்புமான மட்பாண்ட ஓடுகள், மணிகள், அடுக்காய் வைத்த கற்கள். கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் வல்லிபுரத்து மணலிலும் இவை நிறைய வெளிப்பட்டிருக்கின்றன. 1980இல் ஆனைக்கோட்டை அகழ்வில் கிடைத்த முத்திரை ஒரு புதைகுழியில் இருந்தது. இவை தொல்பொருள் திணைக்களத்தின் விடயம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. தனியாக ஓர் ஓட்டை வீட்டுக்குக் கொண்டுபோனால் அதன் கதை அந்தக் குழியிலேயே தங்கிவிடும்.

எடுத்த இடத்தை எழுதுதல்

கல்லை அசைக்க முன் படம். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள்; கை விரலை வைத்தால் அளவு தெரியாது, விரல்கள் பல அளவு. காலையிலோ பின்னேரத்திலோ சாய்வாக வெயில் விழும்போது எடுத்தால் மேடுபள்ளம் தெளிவாய்த் தெரியும். உச்சிவெயிலில் சுண்ணாம்புக்கல் வெறும் வெள்ளையாகத்தான் விழும். கிடந்த நிலையில் ஒன்று, பிறகு ஆறு பக்கமும்.

பென்சிலால் ஒரு துண்டில் எழுதுங்கள்: ஊர், தொலைபேசி காட்டும் ஆள்கூறு, தேதி, தரையிலிருந்து எத்தனை அடி ஆழம், செம்மண்ணிலா, மணலிலா, பாறைக்குள்ளேயா. கடைசிக் கேள்விக்குத்தான் அதிக பெறுமதி. உரும்பிராய், கோண்டாவில் பக்கத்துச் செம்மண்ணில் தனியாகக் கிடந்த கல்லும், அதற்குக் கீழே பாறையை உடைத்தபோது உள்ளிருந்து வந்த கல்லும் ஒன்றல்ல. முதலாவதை யாரும் அங்கே போட்டிருக்கலாம். இரண்டாவதைப் போட ஆளில்லை. கிணறு வெட்டுபவர்களிடம் கேட்டால் எந்த ஆழத்தில் மண் முடிந்து கல் தொடங்கியது என்று சரியாகச் சொல்வார்கள். "அண்ணை, இது மேல்மண்ணிலையோ, கல்லுக்குள்ளையோ?" என்று அங்கேயே கேட்டு எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் அவருக்கு வேறு கிணறு.

தேசிக்காய்ச் சோதனை

இனி வீட்டில். கல்லின் பின்பக்கத்தில், உருவம் எதுவும் இல்லாத மூலையில், கத்தி நுனியால் கொஞ்சம் சுரண்டித் தூளாக்குங்கள். அதன்மேல் இரண்டு துளி வினாகிரி அல்லது தேசிக்காய்ப் புளி விடுங்கள். சுண்ணாம்புக்கல் என்றால் நுண்ணிய குமிழிகள் எழும்; அது காபனீரொட்சைட்டு. வீட்டு வினாகிரி பலம் குறைந்தது, பொங்கி வழியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், அரை நிமிடம் பொறுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டை எடுக்க வேண்டாம். அது கல்லையும் தின்னும், கையையும் தின்னும்.

குமிழி வந்தால் "இயற்கைக் கல்" என்று முடிவாகிவிடாது. சங்கு, சிப்பி, முருகைக்கல் (பவளப்பாறை), பழைய வீட்டுச் சுண்ணச்சாந்து, சீமெந்துக் கட்டி, கோவில் மாபிள் எல்லாமே குமிழி விடும். ஆனால் குமிழி வராவிட்டால் முடிவு பலமானது: அது இந்த நிலத்துப் பாறை இல்லை.

அடுத்து கடினம். சுண்ணாம்புக்கல்லைக் கத்தி இலேசாகக் கீறும், கல் கண்ணாடியைக் கீறாது. படிகக்கல் (குவாட்ஸ்) கண்ணாடியைக் கீறும், கத்தி அதைக் கீறாது. கிணறு வெட்டும்போது பாறை வெடிப்புகளில் கண்ணாடி மாதிரித் தெளிந்த பளிங்குகள் வருவதுண்டு. வைரம் என்று ஒளித்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். கத்தியால் கீற முடிந்தால், உடைந்த துண்டு சாய்ந்த பெட்டி வடிவில் இருந்தால், அது கல்சைற்று, சுண்ணாம்பின் பளிங்கு. எழுத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாய்த் தெரியும். விற்றால் காசில்லை, பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான பொருள்.

மூன்றாவது அடர்த்தி. இதற்கு ஒரு சமையலறை இலத்திரனியல் தராசு போதும். கல்லை நிறுத்து எழுதுங்கள். பிறகு தராசின்மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் முழுதாய்த் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம் அளவுதான் கல்லின் கனவளவு. முதல் எடையை அதால் பிரியுங்கள். 270 கிராம் கல், தண்ணீரில் 100 காட்டினால் அடர்த்தி 2.7, இறுகிய சுண்ணாம்புக்கல்லின் அளவு அதுதான். 2க்குக் கீழே போனால் துளைகள் நிறைந்த முருகைக்கல்லோ சாந்தோ; 4ஐத் தாண்டினால் உலோகம் கலந்திருக்கிறது. துளையுள்ள கல் தண்ணீரைக் குடித்துக் கணக்கைக் குழப்பும். மெல்லிய பொலித்தீனை இறுக்கிச் சுற்றிவிட்டு நிறுங்கள்.

வந்த கற்கள்

புளிக்கு அசையாத கற்கள் இங்கே எப்படி வந்தன? வழிகள் பல, சிலது வேடிக்கையானவை.

வவுனியாப் பக்கத்திலிருந்து கருங்கல்லும் சல்லியும் லொறி லொறியாக வருகின்றன. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியபோது தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய கல்லும் பெருநிலத்துப் பாறை. அதில் சிவப்பு மணிகள் மின்னினால் கார்னெற்று. இரத்தினம் என்று பறக்க வேண்டாம். றோட்டுக்குப் போடும் கிறவலும் வன்னியிலிருந்து வருவது. அதிலுள்ள படிகக்கல் துண்டுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். இரணைமடுப் படிவுகளில் கற்கால மனிதர் செய்த கருவிகள் கிடைத்திருக்கின்றன, ஆகவே விளிம்பு ஒழுங்காகச் சீவப்பட்ட துண்டு உங்கள் ஒழுங்கைக்கும் வந்து சேர்ந்திருக்கலாம். எடுத்த இடம் வேறு என்பதால் ஆராய்ச்சிப் பெறுமதி குறைவு.

உருண்டு மினுங்கும் கறுத்த கல் மண்ணுக்குள்ளிருந்து வந்தால் முதலில் ஓர் அம்மிக் குழவியை, ஆட்டுக்கல்லை நினையுங்கள். "டைனோசர் முட்டை" என்று காட்டப்படுபவற்றில் உடைந்த குழவிக்கு நல்ல இடம் உண்டு. ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை போன்ற பழைய துறைமுகப் பக்கங்களில் பாய்க்கப்பல்கள் பாரத்துக்கு ஏற்றி வந்து இறக்கிய கற்களும் இருக்கலாம். இலங்கையிலேயே இல்லாத பாறை அகப்பட்டால் அந்த வழியை யோசியுங்கள்.

சுருளான கறுத்த கல் பூசை அறைகளிலிருந்து வருவது தனிக்கதை. சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி ஆற்றுப் பக்கத்தில் கிடைக்கும் அம்மனைற்று என்ற கடலுயிரின் சுவடு. அம்மனைற்றுகள் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன, எங்கள் பாறை அதற்கு நாலு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. வளவில் அம்மனைற்று கிடந்தால் யாத்திரை போனவர் யாரென்று விசாரியுங்கள்.

கடற்கரையில் சாம்பல் நிறமான, துளை நிறைந்த, தண்ணீரில் மிதக்கும் கல் எரிமலைக் கல். இங்கே எரிமலை இல்லை, கடல் கொண்டுவந்தது. 1883இல் கிரகற்றோவா எரிமலை வெடித்தபோது எழுந்த மிதக்கும் கற்கள் இந்து சமுத்திரம் முழுதும் மிதந்து ஆபிரிக்கக் கரைவரை போயின. கடலில் கிடந்து தேய்ந்த பனங்கொட்டையும் கல்லென்று வருவதுண்டு. அதற்குச் சோதனை வேண்டாம், கத்தி போதும்.

விண்கல் பற்றி ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டினால் போதாது. உடைந்த பக்கத்தில் காற்றுக் குமிழித் துளைகள் தெரிந்தால் அது கொல்லன் பட்டறை இரும்புக் கழிவான கிட்டம். விண்கல்லில் குமிழித் துளை இருப்பது மிக அரிது. மெல்லிய கறுத்த உருகல் தோல், உள்ளே வெளிர் நிறம், காந்தத்துக்கு இழுபடுவது, அடர்த்தி 3க்கு மேல், இத்தனையும் சேர்ந்திருந்தால் மட்டும் மேலே போகலாம்.

இங்கத்தைக் கல்லில் என்ன இருக்கும்

இதற்குத்தான் இவ்வளவும். கல் குமிழி விட்டது, பாறைக்குள்ளிருந்து வந்தது, அதில் ஓர் உருவம் தெரிகிறது. இனிப் பார்ப்போம்.

அதிகம் கிடைப்பது சங்கு, நத்தை, மட்டி இனங்களின் உட்பக்க வார்ப்பு. நத்தை ஓடு பெரும்பாலும் அரகனைற்று என்ற சுண்ணாம்பு வகை. அது மழைநீருக்கு எளிதில் கரையும். ஓட்டுக்குள் புகுந்த சேறு இறுகிக் கல்லாகும், ஓடு பிறகு கரைந்துபோகும். குழலிலிருந்து தள்ளிய பிட்டு மாதிரி, உறை போய் உள்ளுருவம் மட்டும் மிஞ்சும். அதனால் நத்தையின் வெளிப்பக்க வரிகளையும் முட்களையும் அதில் தேடக்கூடாது. வழுவழுப்பான சுருள், சுற்றுக்களுக்கிடையே ஓடு இருந்த வெற்றிடம், இவைதான் அடையாளம். அந்த இடைவெளி தெரிந்தால் ஐயமில்லை. கல்லை உடைத்தபோது மற்றப் பாதியில் வெளிப்பக்கத்தின் அச்சு இருக்கும். நத்தையின் இனத்தைச் சொல்ல உதவுவது அந்தப் பாதி. அதை எறிந்துவிட்டு அழகான சுருளை மட்டும் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

முருங்கைச் சிப்பி, விசிறிச் சிப்பி போன்றவற்றின் ஓடு கல்சைற்று. அது கரையாமல் நிற்கும். ஆகவே ஒரே கல்லில் நத்தை ஓடில்லாமலும் சிப்பி ஓட்டோடும் இருந்தால் குழம்ப வேண்டாம். ஒரே கடல்தான், இரண்டு வகைச் சுண்ணாம்பு.

முருகைக்கல்லில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். நட்சத்திரமாகவோ தேன்கூட்டுக் கண்களாகவோ கோலம் தெரியும். ஆனால் அது மயோசீன் முருகையா, சில ஆயிரம் ஆண்டுக்கு முந்தியதா, போன வருடம் கரையொதுங்கியதா? புதியது வெள்ளை, பாரமில்லை, கண்களின் உள்விளிம்புகள் கையைக் கீறும் கூர்மையோடு இருக்கும். மயோசீனுடையது பாரம், துளைகள் கல்லால் நிரம்பியிருக்கும், வெட்டுமுகம் மஞ்சள் அல்லது பழுப்பு, கோலம் பாறையின் உடலோடு கலந்து மங்கலாய்த் தெரியும். அடர்த்திச் சோதனை இங்கே நன்றாக உதவும். கடற்கரையில் பாறைக்கு மேல் ஒட்டியிருக்கும் முருகைக்கல் பெரும்பாலும் மயோசீனுக்கு வெகு பிந்தியது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இப்போதையைவிடச் சற்று உயர்ந்திருந்தது. நெடுந்தீவு வேலிகளிலும் யாழ்ப்பாணக் கோட்டை மதில்களிலும் முருகைக் கோலங்களை ஆற அமரப் பார்க்கலாம். படிப்பதற்கு அவையே நல்ல நூதனசாலை. பார்ப்பதோடு நிற்க வேண்டும், மதிலைச் சுரண்டக்கூடாது. கடலிலும் கரையிலும் முருகைக்கல்லை எடுப்பதும் கொண்டுசெல்வதும் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கடல் மூரை (முள் நிறைந்த உருண்டைக் கடலுயிர்), கடற்கரையில் ஒதுங்கும் வட்டத் தட்டுகள் போன்றவற்றின் உறவினங்களும் இந்தப் பாறையில் உண்டு. குமிழ் அல்லது தட்டு உருவில் ஐந்து இதழ்க் கோலம் தெரிந்தால் அதுதான். ஐந்து என்று எண்ணிப் பாருங்கள். ஆறோ நாலோ வந்தால் வேறு ஏதோ.

இனிக் கண்ணுக்குப் பிடிபடாதவை. கல்லின் உடைந்த முகத்தை நனைத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். அரிசிக் குறுணல் அளவு மணிகள், பொட்டளவு வட்டுகள், உள்ளே நுண்ணிய அறைகள். இவை துளையோடிகள், ஒற்றைக் கல உயிர்கள் கட்டிய கூடுகள். இந்தப் பாறையின் வயதைச் சொல்லும் சாட்சிகள் இவைதான். 1923இல் ஈ. ஜே. வேலண்டும் ஏ. மோர்லி டேவிஸும் இலங்கையின் மயோசீன் பாறைகள் பற்றி வெளியிட்ட ஆய்வில் துளையோடிகளுக்கு முக்கிய இடம் உண்டு. டாபெரினா மலபாரிகா என்ற வட்டு வடிவத் துளையோடி கேரளத்தின் கொல்லம் சுண்ணாம்புக்கல்லிலும் இருக்கிறது, யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லிலும் இருக்கிறது. இரண்டு கரையையும் ஒரே காலத்து வெப்பக் கடல் தொட்டிருந்தது என்று சொல்ல அது போதும். பெரிய சங்கு வார்ப்புக்குக் கிடைக்கும் மரியாதை இந்தப் பொட்டுக்குக் கிடைப்பதில்லை, ஆனால் ஆராய்ச்சியாளர் கையில் எடுப்பது பொட்டைத்தான்.

சுறாப் பல் என்றால் பளபளப்பான முக்கோணமும் மங்கிய வேரும் இருக்கும். இரண்டும் ஒரே மினுக்கம் என்றால் சந்தேகியுங்கள்.

டைனோசர் கிடைக்காது. பாறை கடலடியில் படிந்தது, அதுவும் அவை அழிந்து பல கோடி ஆண்டுகள் கழித்து. இதை எத்தனை தரம் சொன்னாலும் மறுபடியும் அதையே கேட்பார்கள்.

எலும்பு என்று தோன்றினால்

மனிதருடையது இல்லை என்று தெளிவான பிறகே இதை வாசியுங்கள். மண்ணில் கிடைக்கும் எலும்புகளில் பெரும்பாலானவை மாட்டுடையவை. உடைந்த முனையில் மச்சைக் குழி தெரியும், பாரம் இருக்காது. சூடாக்கிய ஊசியை வைத்தால் தலைமயிர் கருகும் மணம் வந்தால் எலும்பில் இன்னும் புரதம் இருக்கிறது, அது பழைய காலத்தது இல்லை. கல்லான எலும்பில் மணம் வராது. கடற்பசுவின், மன்னார்ப் பக்கம் ஆவுளியா என்று சொல்லப்படுவதன், விலா எலும்பு தடித்தது. உள்ளே குழியே இல்லாமல் கெட்டியாக இருக்கும். அப்படி ஒன்று பாறைக்குள் கிடைத்தால் அது பெரிய விடயம், தோண்டியெடுக்க முயலாமல் சுற்றுக் கல்லோடு விட்டுவிட்டு ஆள் தேடுங்கள்.

நாக்கில் வைத்துப் பார்ப்பது என்று ஒரு பழைய முறை உண்டு. கல்லான எலும்பு நாக்கில் ஒட்டுமாம். மலசலகூடக் குழி வெட்டியபோது வந்த துண்டுக்கு இந்த முறையைத் தவிர்க்கவும்.

உருவம் காட்டி ஏமாற்றுபவை

பாறை வெடிப்பில் கறுப்பு நிறத்தில் பன்னக்கொடி மாதிரிக் கிளைவிட்ட கோலம் செடியின் சுவடு இல்லை. மங்கனீசு ஒட்சைட்டு நீரோடு ஊறிப் படிந்தது. நரம்பும் நடுத்தண்டும் அதில் இருக்காது. நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் உண்டாக்கிய அதே கரைவுதான் சின்னக் கற்களிலும் கண்குழி, பல்வரிசை, கால்தடம் என்று தோன்றும் குழிகளைக் குடைகிறது. வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்த குழாய்கள் எலும்பென்று நம்பப்படும். குறுக்கே உடைத்தால் நடுவில் துளையும் சுற்றிலும் மண்பொருக்கும் இருக்கும். சிப்பி பதிந்த கட்டி ஒன்றில் ஒரு செங்கல் துணுக்கோ கரித்துண்டோ தெரிந்தால் அது இடிந்த வீட்டுச் சாந்து.

கைத்தொலைபேசிச் செயலிகள் சொல்லும் பெயர்களை நான் கணக்கிலெடுப்பதில்லை. அவை சுருளைக் கண்டால் அம்மனைற்று என்று சொல்லும். நீங்கள் எழுதிய ஆழமும் மண்ணும் அவற்றுக்குத் தெரியாது.

கழுவுவதும் வைப்பதும்

மண்ணை மெல்லிய தூரிகையால் எடுங்கள், பிறகு தண்ணீர். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதையே பாவியுங்கள். கடற்கரையில் எடுத்ததைச் சில நாள் ஊறவைத்து நீரை மாற்றிக்கொண்டேயிருங்கள், உப்பு உள்ளே தங்கினால் பிறகு உதிர்க்கும். எண்ணெய், வார்னிஷ், விபூதி ஒன்றும் பூச வேண்டாம். உடைந்ததைச் சீமெந்தால் ஒட்டவும் வேண்டாம்.

தேடப் போகும் இடம் பற்றியும் ஒன்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு 1950 முதல் கல் எடுத்த பெரிய கிடங்குகள் உயிர்ச்சுவடு பார்க்க நல்ல இடமாய்த் தோன்றும். ஆனால் சுவர் செங்குத்து, சிலவற்றில் ஆழமான தண்ணீர், சில தனியார் அல்லது அரச காணி. அனுமதி இல்லாமல், தனியாக, மாரி காலத்தில் இறங்காதீர்கள். அதைவிட, வீடு கட்டும் இடத்தில் வெட்டிக் குவித்த கல்லை வீட்டுக்காரரைக் கேட்டுப் பார்ப்பது பலனும் கூடியது, ஆபத்தும் குறைந்தது.

யாரிடம் காட்டுவது

மனிதர் செய்த பொருள் என்றால் யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலையில் தொடங்கலாம். பாறை, கனிமம் என்றால் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். உயிர்ச்சுவடு என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறை, அல்லது கொழும்பிலுள்ள தேசிய இயற்கை வரலாற்று நூதனசாலை. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டு உறவினர் ஒரு கல்லைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போக ஆசைப்பட்டால், முதலில் அனுமதி விசாரிக்கச் சொல்லுங்கள்; விமான நிலையத்தில் விளக்கம் சொல்வது சிரமம்.

கல்லைத் தூக்கிக்கொண்டு நேரே போக வேண்டாம், முதலில் எழுதுங்கள். "இது என்ன கல்?" என்று ஒரு படம் மட்டும் அனுப்பினால் பதில் வருவது சந்தேகம். இடம், ஆழம், மண், புளிச் சோதனை, அடர்த்தி, ஆறு பக்கப் படம், உடைந்த முகத்தின் கிட்டப் படம் என்று அனுப்புங்கள். பெரும்பாலும் "நத்தையின் உள்வார்ப்பு, மயோசீன்" என்ற அளவில்தான் விடை வரும். இனப்பெயர் வரை சொல்ல வேண்டுமென்றால் கல்லை மெல்லிய சீவலாய் வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு உங்களிடம் சம்மதம் கேட்பார்கள். ஒரு துண்டைக் கொடுக்கத் தயாராயிருங்கள். கொடுக்கும்போது பென்சிலால் எழுதிய துண்டும் கல்லோடு போகட்டும், அதன் பிரதி ஒன்றை நீங்கள் வைத்திருங்கள். கல்லில் சின்னதாய் ஓர் இலக்கம் போட்டு, அதே இலக்கத்தைக் கொப்பியிலும் குறித்துக்கொண்டால், அதே கிணற்றடியில் அடுத்தது வரும்போது வரிசை தவறாது.